புல்டு போர்க்கும் பின்வாசலும்

போன சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து சமைக்க ஆரம்பித்தேன். சாப்பிட்டது சாயங்காலம் நாலு மணிக்கு. நடுவில் கல்யாணச் சமையலா செய்தேன் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு அயிட்டம்தான். பார்பெக்யூ புல்டு போர்க் ஸ்லைடர். தமிழில் சொன்னால், மெதுவாக வேக வைத்து, நார் நாராகப் பிய்த்த பன்றிக்கறியைச் சின்ன பன்னுக்குள் வைத்துத் தருவது.

(டிஸ்கி: பன்றிக்கறி சாப்பிடாதவர்கள் சமையல் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். வரலாற்றுக்கு எந்தத் தீட்டும் இல்லை.)

மதியம் ஒரு மணி இருக்கும். எட்டாவது படிக்கும் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா இந்த வெயில்ல எல்லா ஜன்னலையும் மூடி வெச்சிருக்கோம்?"

தங்கமணி என்னைப் பார்த்தார். நான் ஓவனைப் பார்த்தேன். புனேயில் எங்களுக்கு இது மூன்றாவது வாடகை வீடு. முதல் இரண்டு இடத்திலும் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?". இந்த வீட்டில் "முட்டை மட்டும் ஓகே" என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார்கள். தலையாட்டிவிட்டு வந்தவர்கள் நாங்கள். அதனால் மீன் பொரித்தாலும் ஜன்னல் மூடல், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடல். மகளுக்கு அப்போது "ஏசி போட்டிருக்கோம்ல" என்று சமாளித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. அதற்குப் பதில்தான் இது.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன். 2006இல் கம்பெனி ஆன்சைட் என்று வட கரோலினாவின் ஷார்லட்டுக்கு அனுப்பியது. பக்கத்து இருக்கைக்காரர் கறுப்பினத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். கொல்லையில் பாதியாக வெட்டிய இரும்பு டிரம், உள்ளே ஹிக்கரி விறகுக் கங்கு, மேலே முழுப் பன்றித் தோள். முந்தின நாள் ராத்திரியே ஏற்றியதாம். தட்டில் போட்டு வினிகரும் மிளகாயும் ஊற்றிக் கொடுத்தார். காரமும் புளிப்புமாக, அப்படியே நம் நாக்குக்கு! "ஊரில் பெரிய பார்பெக்யூ ஹோட்டல் எது?" என்று கேட்டேன். பெயர் சொன்னார். "எங்கப்பா அங்கே பத்து வருஷம் கறி சுட்டவர். ஆனா உள்ளே உட்கார்ந்து ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. பொட்டலம் பின்வாசல் வழியாத்தான் கிடைக்கும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அடுத்த வாய் இறங்க நேரமானது.

இனி கதைக்கு வருவோம்.

பார்பெக்யூ என்ற சொல்லே வெள்ளைக்காரனுடையது அல்ல. கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் குச்சிகளைக் கட்டிப் பரண் மாதிரி செய்து, அதன் மேல் இறைச்சியும் மீனும் வைத்து, கீழே மெல்லிய தீ போட்டு வாட்டினார்கள். அந்தப் பரணைத்தான் ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் 'பார்பகோவா' என்று எழுதி வைத்தார்கள்.

பன்றியோ அமெரிக்காவுக்கு வந்தேறி. 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கப்பலில் கொண்டுவந்தார். 1539இல் எர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது 13 பெண் பன்றிகளை ஓட்டி வந்தாராம். மூன்றே வருடத்தில் அவர் செத்தபோது மந்தை 700ஐத் தொட்டிருந்தது. காட்டில் விட்டால் தானே மேய்ந்து, தானே பெருகும் பிராணி. மாட்டைப் போலத் தீவனம் கேட்காது. அதனால்தான் அமெரிக்கத் தெற்கு முழுக்கப் பன்றிக்கறி ஆனது.

ஆக, முறை பூர்வகுடிகளுடையது, பன்றி ஐரோப்பாவினுடையது. அப்போது சமைத்தது யார்? வர்ஜீனியா, கரோலினாத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள். குழி வெட்டுவது, ராத்திரி முழுக்க விழித்துக் கங்கு தள்ளுவது, கொழுப்புச் சொட்டித் தீப்பிடிக்காமல் பார்ப்பது, பன்றியைப் புரட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. ஜார்ஜ் வாஷிங்டன் 1769இல் அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒரு பார்பெக்யூவுக்குப் போய் ராத்திரி அங்கேயே தங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுட்டவன் யார் என்பது மட்டும் இந்த மாதிரிக் குறிப்புகளில் வராது.

அதே வர்ஜீனியாவில் 1831 ஆகஸ்ட் 21. நாட் டர்னர் என்ற அடிமை, கலகத்துக்கு முன் தன் ஆட்களைக் காட்டுக்குள் கூட்டினார். ஒருவர் ஒரு பன்றி கொண்டுவந்தார், இன்னொருவர் பிராந்தி. பசியாறிவிட்டுத்தான் அந்த ராத்திரி கிளம்பினார்கள். கலகம் இரண்டே நாளில் நசுக்கப்பட்டது. நவம்பரில் டர்னரைத் தூக்கிலிட்டார்கள். எஜமானர் விருந்தில் சுட்டுக் கொடுத்த அதே பன்றி, ஒரு ராத்திரி அவர்களுக்கே விருந்தானது என்பது மட்டும் வாக்குமூலத்தில் மிஞ்சியது.

1865இல் அடிமைமுறை ஒழிந்தது. கைத்தொழில் கையோடு இருந்தது. பலர் குழி வெட்டிக் கடை போட்டார்கள். டென்னசியில் இருந்து போன ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கான்சஸ் சிட்டியில் சுட்ட கறியைச் செய்தித்தாளில் மடித்து விற்றார். இன்று அந்த ஊர் பார்பெக்யூவின் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஊருக்கு ஊர் சாஸும் மாறும். வட கரோலினாவின் கிழக்கில் வெறும் வினிகரும் மிளகாயும். மேற்கே லெக்சிங்டன் பக்கம் கொஞ்சம் தக்காளி கெச்சப் சேரும், முழுப் பன்றிக்குப் பதில் தோள்பகுதி மட்டும். தென் கரோலினாவின் நடுப்பகுதியில் கடுகு சாஸ், அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் புண்ணியம். கான்சஸ் சிட்டியில் தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த தித்திப்பு. எது அசல் என்று அங்கே நடக்கும் சண்டை, நம்ம ஊர் பிரியாணிச் சண்டைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

ஸ்லைடர் தனிக் கதை. 1921இல் கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் ஒயிட் காஸில் என்ற கடை 5 சென்ட்டுக்குச் சின்ன ஹாம்பர்கர் விற்க ஆரம்பித்தது. ஸ்லைடர் என்ற பெயர் அந்தக் குட்டி பர்கர்களோடு ஒட்டிக்கொண்டது. பிறகு எதைச் சின்ன பன்னில் வைத்தாலும் ஸ்லைடர்தான்.

இப்போது பின்வாசலுக்கு வருகிறேன். அலபாமாவின் பர்மிங்காமில் ஆலீஸ் பார்பெக்யூ என்று ஒரு ஹோட்டல். 1927இல் தொடங்கியது. 220 பேர் உட்காரலாம். வேலை பார்த்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளருக்கு உள்ளே இடம் இல்லை. பொட்டலம் மட்டும் வாங்கிப் போகலாம். 1964 ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும் ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். "நாங்கள் உள்ளூர்க் கடை, மத்திய அரசுக்கு என்ன வேலை?" என்பது அவர்கள் வாதம். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தும் விட்டார்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தது. சட்டம் வருவதற்கு முந்தைய 12 மாதத்தில் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் சரக்கில் 69,683 டாலர் இறைச்சி. அது வெளி மாநிலத்தில் இருந்து வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் வியாபாரம் மத்திய அரசின் கையில். எனவே சட்டம் செல்லும் என்று 1964 டிசம்பர் 14 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு. மனிதன் உள்ளே போகப் பாதை திறந்தது, எல்லை தாண்டி வந்த கறி!

தென் கரோலினாவின் பிக்கி பார்க் என்ற பார்பெக்யூ கடைக்காரர் இதற்குப் பிறகும் அடங்கவில்லை. "என் மத நம்பிக்கைக்கு விரோதம்" என்று வாதாடினார். 1968இல் உச்ச நீதிமன்றம் அதை அற்பமான வாதம் என்று ஒதுக்கியது.

இதைப் படித்தபோது அமெரிக்காவைத் திட்டுவது சுலபமாக இருந்தது. பிறகு விருதுநகர்ப் பக்கம் எங்கள் வீடு ஞாபகம் வந்தது. அப்பாவுக்குப் பன்றிக்கறி பிடிக்கும். மூலத்துக்கு நல்லது என்று ஒரு காரணமும் சொல்வார். வீட்டுக்குள் ஏறாது. கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. கொண்டுவருபவர் ஊர்க்கோடித் தெருவில் இருந்து வருவார், பின்வாசல் வழியாக. அம்மா காசைச் சுவர் மேல் வைப்பார். அவர் எடுத்துக்கொள்வார். என் அப்பாவை விட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை.

1950இல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தண்டிக்கத் தனிச் சட்டம் 1955இல் வந்தது. அமெரிக்காவை விட 9 வருடம் முந்தி. ஆனாலும் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது, எங்கள் வீட்டில் பின்வாசல் இருந்தது. இன்று வாடகைக்குப் பயந்து ஜன்னலை மூடும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்கு எனக்கு முழு உரிமை இருக்கிறதா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

சரி, சமையல். பன்றித் தோள்பகுதி 2 கிலோ, கொழுப்போடு. கேம்ப் பக்கம் கிடைக்கிறது. உப்பு, நாட்டுச் சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகு, பூண்டு தடவி ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில். ஓ.டி.ஜி.யில் 120 டிகிரி, எட்டு மணி நேரம். கறியின் உள்சூடு 70 டிகிரி பக்கம் வந்ததும் அசையாமல் நிற்கும். பயப்படாதீர்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதே காரணம்: மேலே ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது. ஃபாயிலில் சுற்றினால் மறுபடி ஏறும். 93-95 டிகிரி வந்தால் கெட்டியான தசைநார் ஜெலட்டினாக இளகியிருக்கும், முள்கரண்டியால் இழுத்தாலே பிரியும். அரை மணி ஆறவிட்டுப் பிய்க்கவும். புகை வாசனைக்குப் பாத்திரத்தின் நடுவில் சின்னக் கிண்ணத்தில் தணல் வைத்து, ஒரு சொட்டு நெய் விட்டு, ஐந்து நிமிடம் மூடுங்கள். ஒரு கப் வினிகர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, உப்பு, இடித்த வரமிளகாய் கலந்து ஊற்றுங்கள். பன்னுக்கு இந்த ஊர் லாடி பாவை விடப் பொருத்தம் கிடையாது. பாவும் போர்ச்சுக்கீசியர் கொடுத்தது, மிளகாயும் அவர்கள் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்தது. நடுவில் முட்டைக்கோஸ் சாலட். 24 ஸ்லைடர் வந்தது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கொல்லை அடுப்பு உட்பட. கேட்டுவிட்டு, "அந்தத் தாத்தா பேர் என்னப்பா?" என்றாள். பெயர் தெரியும். ஆனால் வெறும் பெயராகச் சொல்ல நாக்கு வரவில்லை. "தாத்தா" சேர்த்துச் சொன்னேன். முப்பது வருடம் தாமதம்.

வீட்டுக்காரரிடம் அடுத்த வாரம் பேசப் போகிறேன். நாங்கள் சாப்பிடுவது இது, வாடகை சரியாக வரும், உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் வேறு வீடு பார்க்கிறோம் என்று. தங்கமணி இன்றே காலி அட்டைப்பெட்டிகளைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பி.கு: மிச்சம் ஆறு ஸ்லைடரை எதிர் ஃபிளாட் கோவாக்காரர் வீட்டுக்குக் கொடுத்தோம், உள்ளே என்ன இருக்கிறது என்று மகளே சீட்டெழுதி ஒட்டி. டப்பா திரும்பி வந்தபோது காலியாக இல்லை. விண்டாலு இருந்தது.