சின்னம்மை லேசான நோயா? பொதுத் தடுப்பூசிக்கான வாதம்

குழந்தைக்குச் சின்னம்மை கண்டால் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று நிலைப்படியில் வேப்பிலை செருகுகிறோம். தாளிப்பு நிற்கும், வெளியார் வருகை நிற்கும். நோயுற்ற குழந்தையைத் தனியே வைத்துப் பேணும் இந்த ஒழுங்கில் நன்மை உண்டு. ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடுகிறது. வேப்பிலை ஏறும் நேரத்தில், ஒரே பாயில் படுத்த தம்பிக்கு அது தொற்றியிருக்கும். ஒரு வீட்டில் எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களில் 90 சதவீதம் வரை பாதிக்கப்படலாம்.

‘பத்து நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம், இதற்கு ஊசி எதற்கு?’ என்பதே தடுப்பூசிக்கு எதிராக அடிக்கடி கேட்கும் வாதம். பெரும்பாலான குழந்தைகளைப் பொறுத்தவரை அது உண்மைதான். சிக்கல் தொடங்குவது பல வேளை ஒரு நகக்கீறலில். சொறிந்து உடைத்த கொப்புளத்தின் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெபைலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் உள்ளே நுழைகின்றன. தணிந்த காய்ச்சல் நான்காம் நாள் மறுபடி ஏறுகிறது. காலில் ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் தோல் சிவந்து வீங்குகிறது. குழந்தை அந்தக் காலைத் தொடவிடாமல் அலறுகிறது. தொற்று ஆழமாகப் பரவித் தசையுறை அழுகலானால், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். நிமோனியா, மூளை அழற்சி, நடை தள்ளாடும் சிறுமூளைப் பாதிப்பு ஆகியவையும் உண்டு. ஆஸ்பிரின் கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம்.

எந்தக் குழந்தைக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம். ஆனால் 1995இல் தடுப்பூசி வருவதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 40 லட்சம் பேரைச் சின்னம்மை தாக்கியது; பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தனர்; 100 முதல் 150 பேர் இறந்தனர். சிக்கலுக்கு ஆளான குழந்தைகளில் பெரும்பாலோர் அதுவரை ஆரோக்கியமாக ஓடியாடியவர்கள். ஆகவே ‘பலவீனமான குழந்தைகளுக்கு மட்டும் போடலாம்’ என்ற வாதம் நிற்காது.

இந்த ஊசியின் தொடக்கமே ஒரு தந்தையின் கவலைதான். 1964இல் மூன்று வயது மகன் சின்னம்மையில் அவதிப்பட்டதைக் கண்ட ஜப்பானிய அறிஞர் மிச்சியாகி தகஹாஷி, பத்தாண்டுகளுக்குள் உயிருள்ள, வலுக்குறைத்த ‘ஓகா’ வைரஸிலிருந்து அதை உருவாக்கினார். இரண்டு தவணை போட்டால் நோயை ஏறத்தாழ 90 சதவீதம் தடுக்கும். கடும் நோயை ஏறக்குறைய முழுதாகவே தடுக்கும்.

பிரிட்டன் நெடுங்காலம் தயங்கியது. சின்னம்மைக் குழந்தைகளோடு பழகும் பெரியவர்களின் எதிர்ப்பாற்றல் புதுப்பிக்கப்படுகிறது, அது நின்றால் அதே வைரஸ் பின்னாளில் உண்டாக்கும் அக்கி பெருகும் என்று அஞ்சியது. அமெரிக்க அனுபவம் அந்த அச்சத்தை மெய்ப்பிக்கவில்லை. 2023இல் பிரிட்டனின் ஆலோசனைக் குழு தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. முதியோருக்காகக் குழந்தைகளை நோயுற விடுவது அறமும் ஆகாது.

இந்தியாவில் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. காசுள்ளவர்கள் தனியாரிடம் போட்டுக்கொள்கிறார்கள். இந்த அரைகுறை நிலையே எனக்குப் பெருங்கவலை. 80 சதவீதத்துக்குக் குறைவாகவே நீண்டகாலம் போட்டுவந்தால் நோய் மூத்த வயதுக்குத் தள்ளிப்போகக்கூடும் என 2014இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. வளர்ந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னம்மை இன்னும் கொடியது. வெப்ப மண்டலத்தில் நோய் ஏற்கெனவே தாமதித்தே வருகிறது. ஊசி வாங்க முடியாத குடும்பத்துப் பிள்ளை, பிறர் போட்டுக்கொண்டதால் பதினெட்டு வயதுவரை தப்பி, பிறகு நிமோனியாவோடு படுக்க நேரலாம்.

செலவு பெரிதுதான். ஆனால் புதிதாக ஒரு நாள் குறிக்க வேண்டியதில்லை: 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை, ரூபெல்லா இரண்டாம் தவணைக்குக் குழந்தை எப்படியும் வருகிறது. அந்த வருகையிலேயே சின்னம்மை ஊசியையும் அரசு இலவசமாகத் தொடங்க வேண்டும். அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஆஸ்பிரின் தராதீர்கள், தணிந்த காய்ச்சல் திரும்பினால் தண்ணீர் ஊற்றும் நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.