எல்லோருக்கும் ஒரே வாசல்



நாம் படித்த நாளில் விண்ணப்பம், கட்டணம், மதிப்பெண் எல்லாமே அலுவலக ஜன்னலில்தான். இன்று எல்லாம் இணையதளத்தில். கண் தெரியாத மாணவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கு விடை தேடியதும் ஒரு பல்கலைக்கழகம்தான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக டிரேஸ் மையத்தில் கிரெக் வாண்டர்ஹைடன் 1995-ல் முதல் வழிகாட்டியைத் தொகுத்தார். பிறகு ஆளாளுக்கு ஒன்று எழுத, முப்பதுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. எதைப் பின்பற்றுவது? எல்லாவற்றையும் ஒன்றாக்கும் வேலையை அதே மையம் ஏற்றது. அதை அடிப்படையாக வைத்துப் பலர் கூடிப் பேசி, 1999 மே 5-ல் 14 நெறிகள் வெளியாயின.

அதில் என்ன இருந்ததுன்னு கேட்கிறீர்களா? படத்துக்கு விளக்கம் எழுது. நிறத்தை மட்டும் நம்பாதே. அளவுகளை இறுக்கிக் கட்டாமல் விகிதமாகக் கொடு. கடைசி விதி, எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கு உதவியது. 2010-ல் ஈதன் மார்காட், செல்போன் திரைக்கேற்பப் பக்கம் தானே மாறும் முறையை விளக்கியபோது, அதற்கும் விகித அளவுதான் அஸ்திவாரம். ஒருவருக்காகப் போட்ட பாதையில் ஊரே நடந்தது!

நம்ம பக்கத்தில் பல இடங்களில் சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து போட்டுவிடுகிறோம். வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் படம். எனக்குத் தெரிந்த பார்வையற்ற மாணவி, தேர்வு அட்டவணையைக்கூடத் தோழி வாசிக்கத்தான் கேட்டுக்கொள்கிறாள்.

நம் கல்லூரித் தளத்தைப் புதுப்பிக்கும்போது ஆசிரியர், அலுவலர், கணினித் துறை மாணவர்களோடு அவளைப் போன்றவர்களையும் முதல் நாளே உட்கார வைப்போம். செலவை நாம பார்த்துக்கலாம்.