தீர்மான நோட்டில் காய்ச்சல்

மலருக்கு ஒரு கட்டுரை கேட்டதும் நான் நம்ம பழைய தீர்மான நோட்டுகளைத்தான் எடுத்துப் புரட்டினேன். கடன் எதற்கு என்ற இடத்தில் ஆடு வாங்க, உரம் வாங்க, பள்ளிக்கட்டணம் என்று வரும். நடுநடுவே 'காய்ச்சல் செலவு' என்று ஒரு வரி. அது எந்த வருஷம் அதிகமா வருதுன்னு பார்த்தாலே போதும், நம்ம பக்கத்துக் காய்ச்சல் வரலாறு தெரிஞ்சுபோகும்.

நோட்டு இல்லாத காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்ம அம்மா, பாட்டி பயந்தது குளிர்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு. கொசுவுக்குள் மலேரியாக் கிருமி இருப்பதை 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் கண்டார். 1953-இல் மத்திய அரசு திட்டம் போட்டு வீடுகளுக்குள் டி.டி.டி. மருந்து அடிக்க ஆரம்பித்தது. மருந்து அடித்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். அதன்மேல் சுண்ணாம்பு அடிச்சா திட்டு விழும்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. 1960களில் மலேரியா நல்லா அடங்கியது. ஒழிஞ்சதுன்னு கவனம் குறைந்தது, கொசுவுக்கும் மருந்து பழகிப்போச்சு. 1976-இல் நாடு முழுக்க 64 லட்சம் பேருக்குத் திரும்ப வந்தது.

நோட்டில் முதல் பெரிய கூட்டம் 2006. சிக்குன்குனியா. உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியலை. உயிர் போவது அபூர்வம்தான், ஆனால் மூட்டுவலியால் மாதக்கணக்கில் கூலி போச்சு. அந்த மாதங்களில் பக்கம் பக்கமாகத் தவணை நிலுவை.

அடுத்தது டெங்கு. 2012-இல் திருநெல்வேலிப் பக்கம் கடுமையாக வந்தது, 2017-இல் மாநிலம் முழுக்க. இந்த இரண்டையும் பரப்புவது ஏடிஸ் கொசு. பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். அதனால் டிரம்மை எட்டிப் பார்த்துப் பார்த்து நம்மளைத்தான் திட்டினார்கள். 2016-இல் மழை பொய்த்து, குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணி விட்டால் பிடித்து வைக்காமல் என்ன செய்வது? இதை நான் கூட்டத்திலேயே கேட்டேன், பதில் வரலை. பிறகு நம்ம உறுப்பினர்களே தினக்கூலிக்கு டார்ச்சும் அபேட் மருந்துமாக வீடு வீடாகப் போனார்கள். தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது, முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவணும் என்று அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

2012 நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு அக்கா பேருக்கு நேராகக் 'காய்ச்சல் செலவு'. அடுத்த மாதம் அதே பேருக்கு நேராக 'ஈமச் செலவு'. அவங்க மகனுக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. சரியாயிடுச்சுன்னு வீட்டிலேயே வைத்திருந்தார்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து என்று அப்போது இங்கே யாருக்கும் தெரியாது. அந்தக் கடனை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

2017-இல் வேறொரு தங்கச்சியின் மகளுக்கும் அதே மாதிரி காய்ச்சல் விட்டது. ஆனால் வயித்துவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிட்டுப் போச்சு. அந்த அக்காதான் ஓடிப்போய் 108-ஐக் கூப்பிட்டாங்க. அரசு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி, ஆறாம் நாள் பிள்ளை வீடு திரும்பியது.

இப்போதைய நோட்டில் புதுப்பேர் ஒன்று வருகிறது: உண்ணிக்காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள். புதர், புல்வெளியில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் போவது நாமதானே. கடித்த இடத்தில் தீச்சுட்ட மாதிரி கருப்புப் புண் இருக்கும், வலிக்காது. அது பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே என்று மறைவான இடத்தில் இருப்பதால் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். டாக்டர் ஆணாக இருந்தால் நர்ஸம்மாவிடமாவது காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.