ஒலிபெருக்கியிலிருந்து ஓடிபி வரை: மரக்காணம் – புதுச்சேரிக் கரையில் இணையமும் அந்தரங்கமும்

இணையத்தின் வரலாற்றை அந்தரங்கத்தின் கோணத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1994-இல் தொடங்குவார்கள். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி, ஒரு தளத்துக்குத் திரும்பி வருகிறவரை அடையாளம் காண 'குக்கி' என்னும் சிறு குறிப்பை உலாவியில் விட்டுவைக்கும் முறையை உருவாக்கிய ஆண்டு அது. அதற்குச் சற்று முன், 1993 ஏப்ரல் 30 அன்றுதான், டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த வலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் அறிவித்திருந்தது. வருகிறவர் யாரென்று கேளாத வலை, யாரென்று நினைவில் வைக்கும் வலையாயிற்று. விளம்பரச் சந்தை அதன்மேல் எழுந்தது.

மரக்காணத்தில் உப்பு வாருகிறவருக்கு இந்த வரலாறு பொருந்தாது. அவருடைய விவரங்களை முதலில் கேட்டது அரசு. விளம்பரக்காரர்கள் பின்னால்தான் வந்தார்கள். அந்த விவரங்களைத் திரையில் ஏற்றியதும் பெரும்பாலும் வேறொருவர் கை. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாமல் இந்தக் கரையின் இணைய வரலாற்றை எழுத முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பதிவேடு இந்தக் கரைக்குப் புதியதன்று. கழுவெளியும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த மரக்காணத்தின் உப்பளங்கள், ஊரின் பூமீசுவரர் கோயிலிலுள்ள சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பேசப்படுகின்றன. 1805-இல் சென்னை மாகாணத்து உப்பைக் கம்பெனி அரசு தன் ஏகபோகமாக்கியது; உப்பு வரி 1947-இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் உப்பிலாகாவின் அக்கறையெல்லாம் எடையிலும் உரிமத்திலும் கள்ள உப்பிலும் இருந்தது. அது எண்ணியது உப்பை. வாரியவரின் கைரேகை அதற்குத் தேவைப்படவில்லை.

இணையம் இந்தப் பகுதிக்கு வந்த விதம் வியப்பானது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு தரத் தொடங்கியபோது அது மாநகரத்துச் செல்வர்களின் பொருள். மூன்றே ஆண்டுகளில், 1998-இல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் தலைமை மையம். தொலைபேசிக் கம்பி நம்பத்தகாததாக இருந்ததால் கிராமங்களுக்குச் செய்தி வானொலி அலைவழியே போயிற்று. மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியையும் தாண்டியுள்ள வீராம்பட்டினம் என்னும் மீனவ ஊரின் மையம்தான் இந்த ஆய்வுக்கு முக்கியமானது. வங்கக் கடலின் அலை உயரம் பற்றிய முன்கணிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அது கடற்கரை ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. போர்க்கப்பல்களுக்காகக் கணித்த அலை, கட்டுமரக்காரர் காதில் விழுந்தது.

அந்தரங்க நோக்கில் இந்த ஏற்பாட்டைப் பாருங்கள். கேட்டவர் எவர் என்று பதிவில்லை. கடவுச்சொல் இல்லை, கணக்கு இல்லை. கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனவரையும் போகாதவரையும் எந்த இயந்திரமும் குறித்துக்கொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்ததும், இதே வலையமைப்பைச் சேர்ந்த நல்லவாடு ஊர் மக்களை வெளியேறச் சொன்னது அந்த மையத்து ஒலிபெருக்கிதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் அரசுப் பட்டியலும் இம்மையங்களில் பார்க்கக் கிடைத்தது. தம் பெயர் பட்டியலில் இருப்பதே தெரியாதிருந்தவர்கள் அதைக் கண்டு உரிமை கேட்டார்கள். அண்டை வீட்டார் வறுமையும் அதே பட்டியலில் வெளிப்பட்டது என்பது உண்மை. ஆயினும் அந்த நாளில் மக்கள்தாம் அரசின் ஏட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திசை மாறியது 2008-க்குப் பிறகு. மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கடல்வழியே வந்தார்கள் என்பதால் கரையோரத்தவர் அனைவரும் அடையாளம் காட்ட வேண்டியவராயினர். ஒன்பது மாநிலங்கள், நான்கு யூனியன் பிரதேசங்களில் 3,331 கடலோரக் கிராமங்களைத் தேர்ந்து, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கீழ் அடையாள அட்டைக்காகப் படமும் கைரேகையும் எடுத்தார்கள். மீனவர்களுக்குத் தனியே உயிரியல் அடையாள அட்டையும் திட்டமிடப்பட்டது. நாட்டின் முதல் ஆதார் எண் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் வழங்கப்பட்டது; கடலோர மக்களிடம் கைரேகை எடுக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆதார் எதிர்ப்பு எழுத்துகளில் இந்த முன்கதை அரிதாகவே இடம்பெறுகிறது. நகரத்தார் தம் விரலை நீட்ட நேர்ந்த பிறகே விவாதம் சூடாயிற்று என்பது என் எண்ணம்.

பிரவுசிங் சென்டரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2011-இல் வந்த மத்திய அரசு விதிகள், வருகிறவரின் அடையாளச் சான்றைக் கேட்கவும், பயன்பாட்டுப் பதிவை ஓராண்டு வைத்திருக்கவும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் எழாதிருக்கவும் கட்டளையிட்டன. பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையம் கைப்பேசிக்குப் போனது. அந்தக் கடைகளில் பல ஆதார் பிரிண்ட் எடுக்கும் ஜெராக்ஸ் கடைகளாயின.

அடுத்த ஆண்டு, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆயினும் உப்பளத்தில் அந்தத் தீர்ப்புக்குப் பின்னும் கேட்கப்படும் விவரங்கள் கூடிக்கொண்டே போயின. 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் தளம் அமைப்புசாராத் தொழிலாளரிடம் ஆதார், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, தொழில் விவரம் எல்லாம் கேட்டது. உப்பு விளையாத மழை மாதங்களுக்குத் தமிழ்நாடு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணமும் வங்கிக் கணக்கின் வழியே வருவதுதான். அம்மாதங்களில் நூறு நாள் வேலைக்குப் போனால், தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக, 2023 சனவரி 1 முதல் நாளுக்கு இருமுறை இடக்குறியோடு படம் எடுப்பது கட்டாயமானது. நிவாரணம் தேவை, கூலி தேவை, அதில் ஐயமில்லை. ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் எத்தனை விவரம் விலை என்பதுதான் கேள்வி.

உப்புநீரிலும் பலகைப் பிடியிலும் தேய்ந்த விரல் கருவியில் பதிவதும் எளிதன்று. அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு 88 விழுக்காடு வெற்றி பெறுவதாக 2018-இல் ஆதார் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. மீதி 12 யார் விரல்கள் என்று ஊகிக்கப் பெரிய புலமை வேண்டியதில்லை. விரல் பதியாதபோது ஓடிபி. ஓடிபி வரும் கைப்பேசி மகனிடமோ மேஸ்திரியிடமோ இருக்கும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் "நம்பர் சொல்லும்மா" என்கிறார்; 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை அவரே தொட்டுவிடுகிறார். தனக்கென ஒரு கருவி, தனியே வாசிக்க நேரம், மறுக்க வசதி உடைய ஒருவரைத்தான் 'பயனர்' என்று நம் சட்டங்கள் கற்பனை செய்கின்றன. அவர் இந்த வரிசையில் நிற்பதில்லை. தந்த விவரம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கும் சான்று உண்டு: தமிழ்நாட்டுப் பொதுவிநியோகத் தரவுகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்து இணையத்தில் கிடந்ததாக 2021-இல் பெங்களூரைச் சேர்ந்த பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது.

2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சரிசெய்யும் என்று எதிர்பார்த்தவர்கள் அதன் 7-ஆம் பிரிவை வாசிக்க வேண்டும். ஒரு சலுகைக்காக முன்பு ஒப்புதலோடு தந்த விவரத்தை இன்னொரு சலுகைக்குப் பயன்படுத்த அரசுக்குப் புதிய ஒப்புதல் தேவையில்லை. தகவல் தெரிவித்தால் போதும் என்கின்றன விதிகள். நிறுவனங்கள் ஒப்புதல் கேட்கும்போது தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் வாசிக்க வழி தர வேண்டும் என்ற நல்ல பிரிவு, உப்பளத் தொழிலாளி அதிகம் சந்திக்கும் அரசுப் படிவத்துக்கு வரும்போது இப்படி நழுவிவிடுகிறது. இதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் விவரம் என்ற பெயரில் பயனாளிப் பட்டியலை மறுக்க அதிகாரிக்கு வழி திறந்திருக்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது உடனே நடைமுறைக்கு வந்தவற்றுள் இதுவும் ஒன்று. அரசின் ஏட்டை மக்கள் பார்ப்பது கடினமாயிற்று. மக்களின் ஏட்டை அரசு பார்ப்பது எளிதாயிற்று. அந்தரங்கத்தின் பேரால் நிகழ்ந்திருப்பதால் இது கூடுதல் கவனத்துக்குரியது.

சட்டத்தின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. 2027 மே மாதம் அது முடிகிறது. அதற்குள் தமிழ்நாடு அரசு ஒன்றைச் செய்யலாம். எந்த விவரம், எந்தத் துறைக்கு, எத்தனை காலத்துக்கு என்பதை இ-சேவை மையத்தில் வந்தவர் முன் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கட்டத்தைத் தொட வேண்டும் என்றும், தந்த விவரத்தின் அச்சுப்படியை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்றும் ஆணையிடலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.