உலகம் கனவா? காஞ்சி கண்ட விடை

நாம் காணும் பேரண்டம் கணினியில் இயங்கும் போலித்தோற்றமாக இருக்கக்கூடும் என்னும் வாதத்தை 2003-இல் மெய்யியலாளர் நிக் பாஸ்ட்ரம் விரித்துரைத்தார். இவ்வினாவின் பழைய வடிவம் நம் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கேயுள்ள காஞ்சிக்குப் புதிதன்று. அறிவொன்றே மெய், புறப்பொருள் கனவுக்காட்சி போன்றது என்பது பௌத்த விஞ்ஞானவாதம். அதன் பேராசிரியருள் ஒருவரான தர்மபாலர் காஞ்சியிற் பிறந்து, 6-ஆம் நூற்றாண்டில் நாளந்தாவின் தலைமை ஏற்றவர்.

மரபு காஞ்சியோடு சேர்த்துப் போற்றும் நம் ஆசாரியர் சமந்தபத்திரர், 114 சுலோகங்கள் கொண்ட ஆப்தமீமாம்சையில் இத்தகைய கொள்கைகளை ஆராய்ந்தார். அகத்தறிவு மட்டுமே மெய்யெனின், அக்கொள்கையை நிறுவும் சொல்லும் பொய்யாகிவிடும். அனைத்தும் ஒன்றேயெனின், நல்வினை தீவினை, கட்டு வீடு என்னும் வேறுபாடுகள் நில்லா என்பது அவர் காட்டிய தடை. 8-ஆம் நூற்றாண்டில் அகளங்கர் இந்நூலுக்கு அஷ்டசதி என்னும் உரை வகுத்தார்.

உயிர், புற்கலம், தன்மம், அதன்மம், ஆகாயம், காலம் என்னும் ஆறு திரவியங்களாலான உலகம் அனாதி. அதனைப் படைத்தவனும் இல்லை, கனவு காண்பவனும் இல்லை. கனவில் மிதிபட்ட எறும்புக்கு நோவில்லை. நம் வாயிலில் மிதிபடும் எறும்புக்கு உண்டு. உலகம் மெய் என்பதனாலேயே கொல்லாமையும் அறமாகிறது.