செவி திறந்த கதை



தோட்டத்து இரவில் சில்வண்டின் ஒலி நமக்குப் பழகியது. 1957ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில், காது கேளாத ஒருவருக்கு முதலில் கேட்டதும் அத்தகைய ஒலியே. ஜூர்னோ, எய்ரியே என்னும் இருவர் அவருடைய செவி நரம்பருகே மின்கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தனர். நாளடைவில், அப்பா, அம்மா என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களை அவர் பிரித்தறிந்தார். சில மாதங்களில் கருவி பழுதுற்றது. ஆனால் வழி பிறந்துவிட்டது.

1978இல் மெல்பர்ன் நகரில் கிரேம் கிளார்க் என்னும் மருத்துவர் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். அவருடைய தந்தையும் காது மந்தமானவரே.

இன்றைய கருவி, ஒலியை மின்துடிப்பாக மாற்றி, நத்தை ஓடு போன்ற உட்செவிக்குள் செலுத்துகிறது. தொடக்கத்தில் மூளைக்கு அது புரிவதில்லை. குழாய் நீரும் தட்டின் ஓசையும் வெறும் இரைச்சலாகலாம். மனைவியின் குரலும் இயந்திரக் குரலாகத் தோன்றலாம். "இதற்கா இத்தனை பாடு?" என்று மனம் சோர்வதும் உண்டு.

அப்போது நாம் என்ன செய்யலாம்? "இது சேவல் கூவுவது, இது மழை" என்று ஒவ்வோர் ஒலியையும் பெயர் சொல்லிக் காட்டலாம். வாரங்கள், மாதங்கள் செல்லச் செல்ல ஒலிகள் தெளியும். கருவி தருவது ஒலி. அதற்குப் பொருள் தருவது பழக்கமும், பக்கத்தில் இருப்போரின் பொறுமையுமே.