இந்துலேகாவும் ஒரு மசோதாவும்

சட்டசபைக் கமிட்டி என்றாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். மசோதா, சாட்சியம், மாறுபட்ட குறிப்பு என்ற வார்த்தைகள் பத்திரிகையில் கண்ணில் பட்டால் சட்டென்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிற ஆசாமி நான். இந்தப் புஸ்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் 1891-ல் சென்னை ராஜதானியில் உட்கார்ந்த ஒரு கமிட்டியை மட்டும் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. காரணம், அதன் அங்கத்தினர்களில் ஒருவர் நாவலாசிரியர். அதுவும், கமிட்டி எதை விசாரிக்கப் புறப்பட்டதோ அதைப் பற்றியே இரண்டு வருஷம் முன்னால் நாவல் எழுதிப் பேரும் புகழும் வாங்கியவர்.

அவர்தான் ஓ. சந்து மேனோன். நாவல், இந்துலேகா.

விஷயம் மலபார்க் கல்யாணம். அந்த நாளில் மலபார் சென்னை ராஜதானியில் ஒரு ஜில்லா. அங்கே நாயர்கள் முதலான பல சமூகத்தாருக்கு மருமக்கத்தாயம் என்ற முறை இருந்தது. குடும்பம் தாய்வழியில் போகும். தரவாடு என்ற பெரிய வீட்டில் ஒரு பாட்டியின் பெண்களும், பெண்களின் பெண்களும், அவர்களுடைய சகோதரர்களும் இருப்பார்கள். மூத்த ஆண்பிள்ளை காரணவர்; சொத்து அவர் கையில். ஒரு மனிதன் செத்துப் போனால் அவன் சம்பாத்தியம் அவன் பிள்ளைக்குப் போகாது. தரவாட்டுக்குப் போகும், அதாவது சகோதரி பிள்ளைகளுக்குப் போகும்.

அப்படியானால் கல்யாணம்? சிறு வயதில் பெண்ணுக்குத் தாலிகெட்டு என்று ஒரு சடங்கு நடக்கும். தாலி கட்டினவன் பெரும்பாலும் அதோடு சரி, தன் வழியே போய்விடுவான். பெண் வயது வந்த பிறகு ஒருவன் புடைவை கொடுத்து உறவு கொள்வான். அதற்குப் பெயர் சம்பந்தம். நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு இரண்டு குடும்பங்கள் சேருகிறது என்று அர்த்தம். சம்பந்தி சண்டை இல்லாமல் நமக்குக் கல்யாணமே இல்லை. மலபாரில் அதே வார்த்தை ஒரு ஆணும் பெண்ணும் சேருவதைக் குறித்தது. ஆயுள் முழுவதும் நீடித்த சம்பந்தங்கள் ஏராளம். ஆனால் வேண்டாம் என்று தோன்றினால் முறித்துக் கொள்வதற்கும் தடை இல்லை.

ஊர் இதை ஒப்புக் கொண்டிருந்தது. கோர்ட்டுதான் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலீஷ் கோர்ட்டுகள் வந்தன. அவற்றோடு கல்யாணம் என்றால் இன்னது என்ற அளவுகோலும் வந்தது. அந்தக் கோலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, சம்பந்தம் சட்டப்படி கல்யாணம் ஆகாது என்று ஜட்ஜுகள் சொன்னார்கள். முப்பது வருஷம் ஒருவனோடு வாழ்ந்து ஐந்து பிள்ளை பெற்றவளுக்கும் கோர்ட்டில் மனைவி என்ற பெயர் கிடையாது. அவன் கைவிட்டால் ஜீவனாம்சம் கேட்க வழியில்லை. பிள்ளைகளுக்கும் தகப்பன் சொத்தில் ஒரு செப்புக்காசு பாத்தியதை இல்லை. சோறு போடத் தரவாடு இருக்கிறது என்பது அதற்குச் சொன்ன சமாதானம்.

பழைய நாளில் இது பெரிதாக உறுத்தியிராது. நிலமும் வீடும் தரவாட்டினுடையது. தனியாக ஒருவன் சம்பாதிக்க என்ன இருந்தது? இங்கிலீஷ் படித்து, வக்கீலாகவும் குமாஸ்தாவாகவும் முன்சீப்பாகவும் மாதச் சம்பளம் வாங்க ஆரம்பித்ததும்தான் தொந்தரவு பிறந்தது. தன் கையால் சம்பாதித்த பணம், மடியில் உட்கார்ந்து விளையாடுகிற தன் பெண்ணுக்குப் போகாமல் எங்கேயோ இருக்கிற மருமகனுக்குப் போகிறதே என்று படித்தவன் நினைக்க ஆரம்பித்தான். சீர்திருத்தம் என்பது பெரும்பாலும் இப்படித்தான், நெஞ்சும் பணப்பெட்டியும் ஒரே சமயத்தில் உறுத்தும்போது வருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

1890-ல் சென்னை சட்டசபையில் நியமன அங்கத்தினரானவர் சி. சங்கரன் நாயர். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், ஹைகோர்ட் வக்கீல், வயது முப்பத்து மூன்று. பின்னால் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்து, ஹைகோர்ட் ஜட்ஜாகி, வைஸ்ராயின் நிர்வாக சபையில் உட்கார்ந்து, ஜாலியன்வாலாபாக் கொடுமைக்குப் பிறகு 1919-ல் அந்தப் பதவியை உதறி எறிந்தாரே, அந்தச் சங்கரன் நாயர்தான். சம்பந்தத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்க அவர் மசோதா கொண்டுவந்தார். சர்க்காருக்குத் தயக்கம். அந்தக் காலத்துச் சட்டசபை கவர்னர் பார்த்துப் பொறுக்கிப் போட்ட ஒரு சிறு கூட்டம். ஜனங்களின் வீட்டு வழக்கத்தில் கை வைக்க அதற்குத் தைரியம் வருமா? ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரிக்க 1891-ல் ஒரு கமிஷன் போட்டார்கள்.

தலைமை ஸர் டி. முத்துசாமி ஐயர். தஞ்சாவூர் ஜில்லாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்கருக்குக் கையாளாக இருந்து, சென்னை ஹைகோர்ட்டில் நிரந்தர ஜட்ஜாக நியமனமான முதல் இந்தியர். தெருவிளக்கில் படித்த கதையைச் சொல்லி நம் தகப்பனார்கள் நம்மை அடித்தார்களே, அந்த முத்துசாமி ஐயர். மலபார் வழக்குகளில் தோய்ந்தவர் என்பதால் தேர்வு பொருத்தந்தான். அங்கத்தினர்களில் விண்டர்பாதம் என்ற வெள்ளைக்கார சிவில் உத்தியோகஸ்தர் ஒருவர். பரப்பநாட்டு ராஜ குடும்பத்து ராமவர்ம தம்புரான். தென் கன்னடத்துத் தாய்வழிச் சமூகங்களுக்காக முண்டப்ப பங்கேரா. மசோதாவின் தகப்பனார் சங்கரன் நாயர். கடைசியாக, நம் முன்சீப்.

அப்போது சந்து மேனோனுக்கு நாற்பத்து நாலு வயது. கோர்ட்டில் கீழ்ப்படிக் குமாஸ்தாவாக நுழைந்து முன்சீப் வரை ஏறினவர். பரப்பனங்காடியில் முன்சீப்பாக இருந்தபோது, பெண்டாட்டிக்கு இங்கிலீஷ் நாவல் கதை சொல்லிச் சொல்லி அலுத்துப் போய், டிஸ்ரேலியின் ஒரு நாவலை மலையாளத்தில் பெயர்க்கப் பார்த்தார். சரிப்படவில்லை. மொழிபெயர்ப்புக்கு மூன்று பக்கம் படாத பாடு படுகிறதைவிடச் சொந்தமாக முந்நூறு பக்கம் எழுதிவிடலாம் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். 1889-ல் இந்துலேகா வெளிவந்தது. மறு வருஷமே மலபார்க் கலெக்டர் வேலை பார்த்த டூமர்க் என்ற துரை அதை இங்கிலீஷில் பெயர்த்தார்.

கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலீஷ் படித்த இந்துலேகா, பி.எல். படித்த மாதவன், முன்கோபக்காரக் காரணவர் பஞ்சு மேனோன். கிழவர் கோபத்தில் சபதம் செய்து, மாதவனை ஒதுக்கிவிட்டு, பணக்கார நம்பூதிரி ஒருவரை இந்துலேகாவுக்குச் சம்பந்தம் பேச வரவழைக்கிறார். சூரி நம்பூதிரிப்பாடு பட்டும் நகையுமாகப் பல்லக்கில் வந்து இறங்குவதும், இந்துலேகா அவரை வார்த்தையாலேயே வாட்டி எடுப்பதும் படிக்கப் படிக்கச் சிரிப்பு. (காங்கிரஸையும் கடவுளையும் பற்றி விவாதிக்கும் பதினெட்டாம் அத்தியாயத்தை மட்டும் நான் இரண்டு தடவை தாண்டிக் குதித்தேன்; மூன்றாம் தடவை மனசாட்சிக்குப் பயந்து படித்தேன்.) முறிப்பது எளிது என்பதால் மலையாளப் பெண்களுக்குக் கற்பில்லை என்று சொல்வதைப் பற்றி நாவலின் ஆரம்பத்திலேயே மாதவனுக்கும் இந்துலேகாவுக்கும் வாக்குவாதம் நடக்கிறது. இந்துலேகா சீறுகிறாள். தன் இஷ்டப்படி ஒருவனை வரித்து அவனோடு வாழ்கிறவளுக்கா கற்பில்லை என்பது அவள் கட்சி.

இப்படி எழுதினவர் மசோதாவை இரு கை நீட்டி வரவேற்றிருப்பார் என்றுதானே எண்ணுவோம்? நான் அப்படித்தான் எண்ணினேன். இல்லை.

கமிஷன் கேள்விகளை அச்சிட்டு அனுப்பியது. சாட்சிகளை அழைத்து விசாரித்தது. சம்பந்தம் கல்யாணமா? தாலிகெட்டுக்கு அர்த்தம் என்ன? சட்டம் வேண்டுமா, வேண்டாமா? பதில் சொன்னவர்களில் சட்டம் வேண்டாம் என்றவர்களே அதிகம். காரணவர்களுக்குத் தரவாட்டின் பிடி தளர்ந்துவிடும் என்ற பயம். நம்பூதிரிகளுக்கு வேறு கவலை: அவர்கள் வீட்டில் மூத்தவன் மட்டும் சொந்த ஜாதியில் விவாகம் செய்து கொள்வான், இளையவர்கள் எல்லாரும் நாயர் வீடுகளில் சம்பந்தம் வைத்துக் கொள்வார்கள். அந்தப் பெண்களும் பிள்ளைகளும் சட்டப்படி மனைவி மக்கள் ஆகிவிட்டால் இல்லத்துச் சொத்து என்ன ஆவது?

கடைசியில் கமிஷன் ஒரு நடுவழி கண்டுபிடித்தது. யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்; விரும்புகிறவர்கள் மட்டும் ரிஜிஸ்தர் செய்து கொள்ளட்டும் என்றது. சந்து மேனோன் இதற்கு ஒப்பாமல் தனியாக ஒரு குறிப்பு எழுதி வைத்தார். தம் தீர்ப்புகள் அப்பீலாகப் போய்ச் சேருகிற ஹைகோர்ட்டின் ஜட்ஜ் தலைமை வகிக்கும் சபையில், ஒரு கீழ்க்கோர்ட்டு முன்சீப் மாறுபட்டு எழுதுவதென்றால், அதன் தைரியம் உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவர் வாதம் இது: சம்பந்தம் ஏற்கெனவே கல்யாணந்தான். புடைவை கொடுப்பதே சடங்கு, ஊரறிய நடக்கிறது. மலையாளிகளுக்குக் கல்யாணம் கிடையாது என்பது தங்கள் சௌகரியத்துக்காகப் பிராமணர்கள் கட்டிவிட்ட கதை. அதை இங்கிலீஷ் கோர்ட்டு நம்பிவிட்டது. தவறு கோர்ட்டினுடையது. அதைத் திருத்துவதை விட்டுவிட்டு, ரிஜிஸ்தர் செய்தால்தான் கல்யாணம் என்றால், ரிஜிஸ்தர் செய்யாத எங்கள் தாய்மார்களெல்லாம் யார்?

இந்தக் கடைசிக் கேள்வியை இந்த வார்த்தைகளில் அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். ஆனால் குறிப்பு முழுவதும் இந்தக் கோபத்தில்தான் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. சந்து மேனோன் வட மலபார்க்காரர். அங்கே மனைவி கணவன் வீட்டுக்குப் போய் வாழ்வது வழக்கம். புடைவை கொடுக்கிற சடங்கும் விமரிசையாக நடக்கும். சங்கரன் நாயரின் தென் மலபாரில் புருஷன் இராத்திரி வந்து காலையில் போகிறவன். இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கண்ணால் கண்டதோ வேறு வேறு. இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் நாவலாசிரியரை நான் அவ்வளவு சுலபமாக விட்டுவிட மாட்டேன். அவருடைய நாவலில் கல்யாணிக்குட்டி என்று ஒரு பெண் வருகிறாள். வருகிறாள் என்பதே அதிகம், மூலையில் நிற்கிறாள். இந்துலேகாவிடம் மூக்குடைபட்ட சூரி நம்பூதிரிப்பாடு வெறுங்கையோடு போனால் ஊர் சிரிக்குமே என்று, பஞ்சு மேனோனிடம் சொல்லி, அதே வீட்டில் இருந்த இந்தச் சிறு பெண்ணை அன்று இராத்திரியே சம்பந்தம் செய்து கொண்டு விடிவதற்குள் ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரணவர் கேட்கவில்லை, நம்பூதிரி கேட்கவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. நம்பூதிரி இந்துலேகாவைத்தான் கொண்டுபோனார் என்று வதந்தி கிளம்பி மாதவன் மனமுடைந்து தேசாந்தரம் போவதற்கு அவள் உபயோகப்பட்டாள். அதோடு அவள் வேலை முடிந்தது. நானும் முதல் தடவை படித்தபோது அவளைக் கவனிக்கவே இல்லை, மாதவன் எப்போது திரும்புவான் என்றுதான் பக்கத்தைப் புரட்டினேன்.

இந்துலேகாவுக்குச் சட்டம் எதற்கு? அவளுக்குப் படிப்பு இருக்கிறது, நாக்கு இருக்கிறது, அவளுக்காகக் கல்கத்தா வரை போய்த் திரும்பும் மாதவன் இருக்கிறான். கமிஷன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த முன்சீப் அந்த இந்துலேகாவின் மானத்துக்காகத்தான் வாதாடினார். அவர் சொந்தக் கையால் எழுதிய கல்யாணிக்குட்டியை நம்பூதிரி நாளைக்கு வேண்டாம் என்றால், அவருடைய கட்சிப்படி அது நல்ல கல்யாணம், நல்ல முறையில் முறிந்தது, அவ்வளவுதான். ஜீவனாம்சம் உண்டா என்ற கேள்வியைச் சங்கரன் நாயர்தான் கேட்டார். அவர் நாவல் எழுதினவரில்லை.

சங்கரன் நாயரின் வழியும் அவளைக் காப்பாற்றியிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1896-ல் மலபார் விவாகச் சட்டம், அந்த வருஷத்து நாலாம் சட்டமாக நிறைவேறியது. முத்துசாமி ஐயர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1895 ஜனவரியில் காலமாகிவிட்டார். சட்டப்படி ரிஜிஸ்தர் செய்தால் மனைவி மக்களுக்கு ஜீவனாம்சம் உண்டு; உயில் எழுதாமல் புருஷன் இறந்தால் அவன் சுயார்ஜிதத்தில் பாதி அவர்களுக்கு வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆபீசுக்குப் போய் யார் ரிஜிஸ்தர் செய்வது? தன் கழுத்தில் பாரத்தைத் தானே ஏற்றிக் கொள்ள விரும்பும் புருஷன் செய்ய வேண்டும். அப்படி விரும்புகிற நல்லவன் சட்டம் இல்லாமலே உயில் எழுதி வைத்திருப்பான். சூரி நம்பூதிரிப்பாடு ரிஜிஸ்திரார் ஆபீஸ் திண்ணையில் காத்திருப்பதை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? ரிஜிஸ்தர் செய்து கொண்டவர்கள் மிகமிகச் சொற்பம். சட்டம் புஸ்தகத்தில் கிடந்தது.

கமிஷன் வேலை முடிந்ததும் சந்து மேனோன் இன்னொரு நாவலில் இறங்கினார். 1892-ல் சாரதா முதல் பாகம் வந்தது. அதில் கதையே ஒரு வழக்குத்தான்: ஒரு பெண் தன் தாயின் தரவாட்டுக்கு வருகிறாள், அவள் அந்தக் குடும்பத்துப் பெண்தானா, இல்லையா என்று வியாஜ்யம். வக்கீல்கள், வழக்குக்குத் தூபம் போடும் வைத்திப் பட்டர் என்ற நம்மவர், எல்லாரையும் அவர் கோர்ட்டிலிருந்து நேரே கதைக்குள் அழைத்து வந்துவிட்டார். இரண்டாம் பாகம் எழுதவில்லை. 1899-ல் இறந்து போனார். இந்தத் தடவை நடுவில் நிற்கிறவள், வீட்டில் இடமுண்டா என்று கேட்டு நிற்கும் ஒரு சிறுமி என்பதைப் பார்க்கும்போது, கமிஷன் முன்னால் வந்த சாட்சியங்கள் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சந்தேகந்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

சென்னை மருமக்கத்தாயச் சட்டம் வந்தது 1933-ல். வழக்கப்படி நடந்த சம்பந்தம் ரிஜிஸ்தர் இல்லாமலே செல்லுபடியாகும் கல்யாணம் என்று அது ஒப்புக் கொண்டது. மனைவி மக்களுக்குப் பாத்தியதையும் கொடுத்தது. ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கொள்ளக் கூடாது என்றும் சொன்னது. முன்சீப்பின் வாதமும் வக்கீலின் கேள்வியும் நாற்பது வருஷம் கழித்து ஒரே சட்டத்தில் வந்து சேர்ந்தன. மருமக்கத்தாயக் கூட்டுக் குடும்பத்தையே 1975-ல் கேரள சட்டசபை எடுத்துவிட்டது. அது வேறு கதை. 1933-ல் சங்கரன் நாயர் உயிரோடு இருந்தார், வயது எழுபத்தாறு. மறு வருஷம் ஏப்ரலில் காலமானார்.

அதற்குள் கல்யாணிக்குட்டி கதையில் இருந்திருந்தால் பாட்டியாகியிருப்பாள்.